காரைக்குடி பம்ப் நாசில் பட்டறை: இன்ஜெக்டரைக் கழற்றிக் கொண்டுபோனால் பார்த்துத் தருகிற இடம்

பழைய டீசல் கார் வைத்திருந்து, பாதி வேலையையாவது சொந்தக் கையால் பார்க்கிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். சாவியைக் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் வந்து வண்டியை எடுத்துப் போகிறவர்களுக்கு இந்தப் பட்டறையால் பெரிய பிரயோசனம் கிடையாது. டீசலை அழுத்தி அனுப்புவது பம்ப், அதை எஞ்சினுக்குள் தூளாக அடிப்பது இன்ஜெக்டர், இன்ஜெக்டரின் முனைதான் நாசில். இந்தப் பக்கத்தில் நாசில் வேலை பார்க்கிற வேறு இடங்களிலும் ஏறி இறங்கியிருக்கிறேன். எல்லா இடத்திலும் ஒரே பதில்தான்: "வண்டியைக் கொண்டாந்து விடுங்க." இன்ஜெக்டரை மட்டும் கழற்றிக் கையில் கொண்டுபோனால் திருட்டு நகையை அடகு வைக்க வந்தவளைப் பார்ப்பது மாதிரி பார்ப்பார்கள். இந்தப் பட்டறைக்காரர் பாய் மட்டும்தான் என் கையிலிருந்த டப்பாவை வாங்கி, மூடியைத் திறந்து பார்த்து, "எது எத்தனாம் சிலிண்டர்னு எழுதி வச்சிருக்கீங்களா ஆச்சி?" என்று கேட்டார். எழுதி ஒட்டியிருந்தேன். அதிலிருந்து பேச்சு சுலபமாகிவிட்டது.

பட்டறையின் பெயரைப் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். இருக்கிற வேலைக்கே ஆள் பற்றவில்லையாம். காரைக்குடியிலிருந்து புதுவயல் போகிற பக்கம், அரிசி ஆலைக்குப் போகிற லாரிக்காரர்களிடம் "நாசில் பாய்" என்று கேட்டால் கை காட்டுவார்கள். அது போதும்.

முதலில் என் வண்டியைப் பற்றிக் கொஞ்சம். 2005 மாடல் இண்டிகா வி2 டீசல், டர்போ இல்லாதது. எனக்குக் கோட்டையூரில் பலகாரம் போட்டுக் கொடுக்கிற தொழில். மணகோலம், சீப்புச்சீடை, தேன்குழல், அதிரசம் என்று டின் டின்னாகப் பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை எனக் கல்யாண வீடுகளுக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டும். பின் சீட்டை மடக்கினால் இந்த வேலைக்கு இதைவிட வசதியான வண்டி கிடையாது. அதுவும் போக, இண்டிகா 1998 கடைசியில் அறிமுகமாகி 2018 வரை தயாரிப்பில் இருந்த வண்டி. ஊரெல்லாம் டாக்ஸியாக ஓடியது. அதனால் இன்றைக்கும் சாமானுக்கு அலைய வேண்டியதில்லை. ஒரு கடையில் இல்லாவிட்டால் அடுத்த கடையில் கிடைக்கிறது.

எஞ்சின் 1405 சிசி. நாலு சிலிண்டர். டீசலை நேரே சிலிண்டருக்குள் அடிக்காமல் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன அறைக்குள் அடிக்கிற பழைய ரகம். பம்ப், நாசில், பைப் எல்லாம் மெக்கானிக்கல். கம்ப்யூட்டரைக் கேட்டுத்தான் டீசல் அடிப்பேன் என்று அடம் பிடிக்கிற சென்சார் எதுவும் இல்லை. வீட்டுக் கொட்டகையில் வைத்துப் பார்க்கத் தோதாக இருப்பது இதனால்தான். ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பெல்ட், ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் பண்ணும்போது அந்தச் சின்ன அறையைச் சூடாக்குவது), ரிட்டர்ன் ஹோஸ் (மிச்ச டீசல் திரும்புகிற குழாய்), பிரேக் பேடு எல்லாம் நானே மாற்றிக்கொள்கிறேன். டைமிங் பெல்ட்டுக்குக் கை வைக்க மாட்டேன். அது ஒரு பல் மாறி உட்கார்ந்தாலும் சரி, அறுந்தாலும் சரி, வால்வு பிஸ்டனில் இடித்து எஞ்சின் வேலைக்கு வந்துவிடும். அதற்கு வேறு ஆள் இருக்கிறார். ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது எங்கள் அப்பச்சியிடம் அம்பாசிடர் டீசல் ஓட்டிய டிரைவர் அண்ணன். "பூட்டும்போது எது எங்கே போகும்னு தெரியாம எதையும் கழட்டாதே" என்பார். வேறு பாடம் எதுவும் அவர் எடுத்ததில்லை.

சரி, பட்டறைக்கு வருகிறேன். போனதற்குக் காரணம் காலை ஸ்டார்ட்டிங். செல்ஃப் நன்றாகச் சுற்றும், எஞ்சின் பிடிக்கும், ஆனால் கொஞ்ச நேரத்துக்கு நொண்டும். பின்னால் வெள்ளைப் புகை, அதில் கண்ணைக் கரிக்கிற பச்சை டீசல் வாடை. சூடேறியதும் சரியாகிவிடும். ஆனால் டின்களை ஏற்றிக்கொண்டு திருமயம் பக்கம் மேடு ஏறினால் கறுப்புப் புகை தள்ளும். இதைக் கேட்ட ஒரு ஒர்க்ஷாப்பில், பானெட்டைக்கூடத் திறக்காமல், "பம்ப் நாசில் ரெண்டும் ஓவராயில் பண்ணணும், பதினெட்டாயிரம் ஆகும்" என்றார்கள். யார் என்று சொல்லப்போவதில்லை. பார்க்காமலே சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

நாசில் பட்டறைக்குப் போவதற்கு முன் வீட்டில் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஹீட்டர் பிளக் கோளாறுக்கு நாசில் காசு கொடுத்துவிட்டு வருவீர்கள். இந்த ரக எஞ்சினுக்கு நம் ஊர் வெயிலிலும் காலையில் ஹீட்டர் பிளக் வேண்டும். அந்தச் சின்ன அறையின் சுவர் சூட்டை உறிஞ்சிவிடுவதால் முதல் சுற்றுகளில் டீசல் தானாகப் பற்றாது. பிளக்குகளை இணைக்கிற பட்டையைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து ஒவ்வொரு பிளக் தலைக்கும் எஞ்சின் பாடிக்கும் இடையே பாருங்கள். நல்ல பிளக் ஒரு ஓம் பக்கத்திலோ அதற்கும் கீழேயோ காட்டும். செத்த பிளக்கில் முள் அசையவே அசையாது. எனக்கு நாலும் நன்றாகவே இருந்தன.

அடுத்தது காற்று. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கிற ஹோஸை எடுத்துவிட்டு, டீசல் தாங்குகிற கண்ணாடி ஹோஸ் ஒரு சாண் நீளம் போட்டுப் பார்த்தேன். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் குமிழி ஓடினால் எங்கோ காற்று வாங்குகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் இன்ஜெக்டர்களைச் சேர்க்கிற, துணி சுற்றிய சின்ன ரிட்டர்ன் ஹோஸ்தான் வெடித்திருக்கும். அதை மீட்டர் கணக்கில் வாங்கி வெட்டிப் போட்டுக்கொள்ளலாம், ரொம்ப மலிவு. என் வண்டியில் குமிழி எதுவும் ஓடவில்லை.

கடைசியாகச் சிலிண்டர் சோதனை. எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போதே ஒவ்வொரு இன்ஜெக்டரின் பைப் நட்டையும், பழந்துணியைப் போர்த்திக்கொண்டு, ஒரு அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் எஞ்சின் சத்தம் உடனே விழும். ஏற்கெனவே வேலை செய்யாத சிலிண்டராக இருந்தால் சத்தத்தில் மாற்றமே இருக்காது. எனக்கு முதலாவதிலும் நாலாவதிலும் நன்றாக விழுந்தது. இரண்டிலும் மூன்றிலும் தளர்த்தியது தெரியவேயில்லை. இதைச் செய்யும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பைப்புக்கு நேரே விரலைக் கொண்டுபோகாதீர்கள்.

கழற்றுவதற்கு முன் எஞ்சின் தலையைச் சுற்றிலும் டீசல் தொட்ட பிரஷ்ஷால் கழுவி, காற்றடித்துச் சுத்தம் பண்ணினேன். நம் செம்மண் தூசி ஒரு துளி நாசிலுக்குள்ளோ பைப்புக்குள்ளோ போனால், நாம் பண்ணின வேலையே அடுத்த கோளாறுக்குக் காரணமாகிவிடும். கழற்றிய பைப் முனைகளுக்கெல்லாம் பாலிதீன் சுற்றி ரப்பர் போட்டேன். துடைக்கிற துணி நூல் உதிராததாக இருக்கட்டும். பனியன் வேஸ்ட் கை துடைக்க நல்லது, நாசில் பக்கம் அதற்கு வேலை இல்லை. இன்ஜெக்டர் நாலையும் கழுவிக் காயவைத்த தேன்குழல் டப்பாவில் அடுக்கி எடுத்துப்போனேன்.

இனி பாயின் பட்டறை. தகரக் கொட்டகை, முன்னால் வேப்பமரம், மரத்தடியில் டிராக்டர், உள்ளே எப்போதும் ஒரு லாரி பம்ப் மேசையில் பிரித்துக் கிடக்கும். நாசில் வேலைக்கு மட்டும் தனியாகக் கதவு போட்ட ஒரு சின்ன அறை. அதில் தரை கழுவி விட்டிருக்கிறது, மேசையில் தூசி இல்லை. நான் முதலில் கவனித்தது இதைத்தான். வெளியே எவ்வளவு கிரீஸ் அப்பியிருந்தாலும் பரவாயில்லை. நாசிலைப் பிரிக்கிற மேசை எப்படி இருக்கிறது என்று எட்டிப் பாருங்கள். ஊசிக்கும் அதன் கூட்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி மைக்ரான் கணக்கு.

டெஸ்டர் என்பது கைப்பிடி போட்ட ஒரு பம்ப், மேலே ஒரு கடிகார மீட்டர். இன்ஜெக்டரைக் கீழ்நோக்கி மாட்டிக் கைப்பிடியை அழுத்தினால் மீட்டர் ஏறும். ஒரு கட்டத்தில் நாசில் திறந்து டீசல் சீறும். அந்த அளவுதான் திறக்கும் அழுத்தம். இந்த மாதிரி பக்க அறை எஞ்சின் நாசில்களுக்குப் பொதுவாக 110 முதல் 150 பார் வரைக்குள் இருக்கும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியிருக்கிற காற்றின் அழுத்தம்). இப்போது வருகிற காமன் ரெயில் வண்டிகளில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரு குழாயிலிருந்து கம்ப்யூட்டர் சொல்படி டீசல் போகிறவற்றில், பைப்புக்குள்ளேயே ஆயிரம் பாருக்கு மேலும் ஏறுகிறது. அந்தக் கணக்கில் இது குழந்தை. ஆனால் இதுவே தோலைத் துளைத்து உள்ளே டீசலை ஏற்றிவிடும். நான் கொஞ்சம் கிட்டே குனிந்ததும் பாய் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டார். "கையையும் மூஞ்சியையும் அந்தப் பக்கம் வச்சுக்குங்க ஆச்சி. ஒருத்தருக்கு விரலே போச்சு." நான் தள்ளி நின்ற பிறகுதான் திரும்ப அழுத்தினார்.

முதலாம் நம்பர். "கர்ர்ர்" என்று ஒரு சத்தம். தவளை கத்துகிற ரகம், விட்டு விட்டு. மூடுபனி மாதிரி மெல்லிசாக ஒரு கூம்பு இறங்கியது. "கேட்டீங்களா, இதுதான் நாசில் பேசற சத்தம்." பிறகு திறக்கிற அளவுக்குச் சற்றுக் குறைவாக அழுத்தி நிறுத்திப் பத்து எண்ணினார். முனையில் சொட்டு வரவில்லை. அதைத் தனியாக ஓரமாக வைத்தார்.

மூன்றாம் நம்பரை மாட்டினார். சத்தமே இல்லை. மீட்டர் நூறைத் தொடுவதற்கு முன்பே திறந்துகொண்டு, ஒரு பக்கமாகக் கயிறு மாதிரி டீசல் பாய்ந்தது. அழுத்தி நிறுத்தியபோது முனையில் ஒரு சொட்டு திரண்டு, பெரிசாகி, விழுந்தது. அடுத்த சொட்டு. "காலைல வெள்ளைப் பொகை ஏன்னு இப்பத் தெரியுதா? தூளாப் போக வேண்டியது தண்ணியாப் போகுது. எரியாம அப்படியே சைலன்சருக்கு வந்துருது." மேட்டில் கறுப்புப் புகை வருவதற்கும் இதேதான் காரணம் என்றார். இரண்டாம் நம்பரும் கிட்டத்தட்ட இதே கதை. நாலாம் நம்பர் சத்தம் நன்றாக இருந்தது, ஆனால் அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதைப் பிரித்து, உள்ளே ஸ்பிரிங்குக்கு மேல் இருக்கிற ஷிம் என்கிற மெல்லிய தகட்டை எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்து, ஒரு மயிரளவு தடிமனானதை மாற்றிப் போட்டுத் திரும்ப டெஸ்டரில் ஏற்றினார். சரியாக வந்தது. நாலும் ஒன்றுக்கொன்று ஒத்த அளவில் திறக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் திறந்தால் ஐடிலிங் நடுங்கும்.

இரண்டுக்கும் மூன்றுக்கும் நாசில் முனை மட்டும் புதிசு. பெட்டியைப் பிரிக்காமல் என் கையில் கொடுத்து, முத்திரையைப் பார்க்கச் சொன்னார். "மைக்கோ" என்று அவர் இன்னும் சொல்கிறார். அந்தக் கம்பெனி 2008லேயே போஷ் என்று பெயரை மாற்றிக்கொண்டது, லாரிக்காரர்கள் யாரும் மாற்றிக்கொள்ளவில்லை. டூப்ளிகேட் நாசில் பாதி விலைக்குக் கிடைக்கும், வேண்டுமா என்று கேட்கவும் கேட்டார். பக்கத்திலேயே ஒரு டூப்ளிகேட்டை டெஸ்டரில் மாட்டிக் காட்டினார். புதிசிலேயே சத்தம் சரியில்லை. அதற்குப் பிறகு நான் என்ன சொல்ல?

கூலி, இன்ஜெக்டர் ஒன்றுக்குக் கழுவி டெஸ்ட் பண்ணி ஷிம் சரி பண்ண 150 ரூபாய். நாசில் ஒன்று 650. ஆக 1,900. பழைய நாசில் இரண்டையும் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டார்.

பம்பையும் பார்த்துவிடலாமா என்று நான்தான் கேட்டேன். அந்தப் பதினெட்டாயிரம் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. "பம்புல ஒழுகல் இருக்கா? இல்ல. ரேஸ் பண்ணினா தூக்குதா? தூக்குது. அப்புறம் எதுக்குத் தொடணும்?" என்றார். இந்த ரோட்டரி பம்புகள் உள்ளே ஓடுகிற டீசலையே எண்ணெயாக வைத்து ஓடுகிறவை. 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்க கந்தகம் பத்து பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்துக்குப் பத்துப் பங்குக்குள்) இருக்கிற பி.எஸ்.6 டீசல்தான் வருகிறது. கந்தகம் குறைக்கப்பட்ட டீசலில் பழைய ரப்பர் சீல்கள் சில சுருங்கி ஒழுக ஆரம்பிக்கும் என்று விளக்கினார். ஒழுகினால் சீல் கிட் மட்டும் போட்டால் போதுமாம், பிளஞ்சர் (பம்புக்குள் டீசலை அழுத்துகிற தண்டு) வரைக்கும் போக வேண்டிய அவசியமில்லை. இரண்டு ஸ்ட்ரோக் ஆயில் கலந்து அடிக்கலாமா என்றும் கேட்டேன், பலர் சொல்கிறார்களே என்று. டீசலில் வழுவழுப்புக்கான மருந்தைச் சுத்திகரிக்கும் இடத்திலேயே சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள், ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுங்கள், தண்ணீரை வடித்துவிடுங்கள், அது போதும் என்றார். தன் வருமானத்தைத் தானே குறைத்துக்கொள்கிற ஆள் சொல்வதை நம்பலாம் என்பது என் கணக்கு.

குறைகளும் இருக்கின்றன. நேரம் என்பது அங்கே கிடையாது. "மதியம் வாங்க" என்றால் அது எந்த மதியம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். டிராக்டரோ அறுவடை இயந்திரமோ வந்து நின்றால் உங்கள் காரின் இன்ஜெக்டர் ஓரமாகப் போய்விடும். புரட்டாசி, ஐப்பசி உழவிலும் தை, மாசி அறுப்பிலும் போகவே வேண்டாம். வயலில் நிற்கிற வண்டிக்கு முதல் உரிமை என்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் எப்போது ஆகும் என்று நேரே சொல்லிவிட்டால் நாம் பாட்டுக்கு வேறு வேலையைப் பார்ப்போம். பில் கேட்டால்தான் வரும், அதுவும் துண்டுச் சீட்டில். டெஸ்டரில் கண்ட அளவுகளை எழுதித் தருகிற பழக்கமும் இல்லை. நான் கேட்டு, அவர் சொல்லச் சொல்ல டப்பா மூடியிலேயே எழுதிக்கொண்டேன். உட்கார ஒரு பழைய சீட்டு போட்டிருக்கிறார்கள், அதில் ஸ்பிரிங் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெண்கள் தனியாகப் போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். வேலை பார்க்கிற பையன் மட்டும் முதலில் என் பின்னால் எட்டி எட்டி, "சார் வரலையா?" என்று தேடினான். பாய் அவனை ஒரு பார்வை பார்த்தார். அதோடு சரி.

காமன் ரெயில் வண்டி வைத்திருப்பவர்கள் இங்கே போகாதீர்கள். ஸ்விஃப்ட், ஐ20, பிற்காலத்து பொலேரோ எதுவானாலும் அதற்கு வேறு பெஞ்ச், வேறு படிப்பு. தன்னால் முடியாது, மதுரைக்கோ திருச்சிக்கோ கொண்டுபோங்கள் என்று பாயே திருப்பி அனுப்பிவிடுகிறார்.

பூட்டுகிற வேலை வீட்டில். இன்ஜெக்டருக்கு அடியில் உட்காருகிற வாஷர்களைக் கட்டாயம் புதிசாகப் போடுங்கள். பழசு ஒருமுறை நசுங்கியது நசுங்கியதுதான், திரும்பப் போட்டால் கம்ப்ரஷன் கசியும். எந்தப் பக்கம் மேலே என்பதைக் கழற்றும்போதே போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பைப்பைக் கையால் பிடிக்கிற வரை ஏற்றிவிட்டுப் பிறகு ஸ்பேனர் போட வேண்டும், வளைத்து இழுத்து மாட்டக் கூடாது. அப்புறம் ஃபில்டர் தலையில் இருக்கிற கைப்பம்பைக் கெட்டியாகும் வரை அழுத்தி, நாசில் பக்கத்து நட்டுகளைத் தளர்த்தி வைத்து, ஆளை விட்டுச் செல்ஃப் அடிக்கச் சொன்னால் முதலில் நுரையும் பிறகு சுத்த டீசலும் வரும். வந்ததும் ஒவ்வொன்றாக இறுக்கிவிடலாம். செல்ஃபை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள், நடுவில் ஆறவிடுங்கள்.

வண்டி இப்போது காலையில் ஒரே பிடியில் பிடிக்கிறது. புகைச் சோதனையில் பி.எஸ்.4க்கு முந்தைய டீசல் வண்டிகளுக்கு 65 ஹெச்.எஸ்.யு. (புகை எவ்வளவு அடர்த்தி என்கிற அளவு) வரை அனுமதி. போன முறை 58 காட்டி என் வயிற்றைக் கலக்கிய வண்டி, இந்த முறை 31 காட்டியது. சோதனை பண்ணிய தம்பி மீட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை எடுத்தான். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கப் போகிறவர்கள் அதற்கு முன்னாலேயே நாசிலைப் பார்த்துவிடுவது புத்தி.

போகிறவர்களுக்குக் கடைசியாக: சிலிண்டர் நம்பர் எழுதி ஒட்டிக்கொண்டு போங்கள், வெளியே இருக்கிற கரியையும் மண்ணையும் நீங்களே கழுவிவிடுங்கள். கழுவாமல் கொண்டுபோனால் பாய் வாங்க மாட்டார். வாஷரும் ரிட்டர்ன் ஹோஸும் அவரிடம் பெரும்பாலும் இருக்காது, வருகிற வழியில் ஸ்பேர்ஸ் கடையில் வாங்கிக்கொள்ள வேண்டும். காலை பத்து மணிக்கு மேல் போனால் ஆள் இருப்பார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பட்டறையைச் சாத்திவிட்டுப் போனால் மூன்று மணிக்கு மேல்தான் திறக்கிறார்.